இலக்கம் தேய்ந்த துவக்கு

கதிரவேலரின் கைகள் பழைய துவக்கின் குழாய்க்குள் தும்பை இடித்துக்கொண்டிருந்தன. முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய்த் தும்பு, பிறகு இரும்புக் கம்பியால் நல்ல இடி. ஈயச் சன்னம் போடுவதில்லை. திராட்சைக் குலை தொங்கும் முந்திரிகைக் கொடிகளில் இறங்கும் கிளிகளைக் கலைக்கச் சத்தமே போதும்.

வெடித்ததும் வெண்புகை பந்தலுக்குள் புகுந்து, இலைகளுக்கிடையில் தங்கி, போக மனமில்லாமல் போகும். உள்ளே கட்டிலில் கிடக்கும் மனைவி தங்கமுத்து, கோயில் வெடியென்று நினைத்து அப்போதுதான் கண்ணைத் திறப்பாள்.

"கீரிமலையில தேர் வெளிக்கிட்டுட்டுதோ?"

"ஓம், வெளிக்கிட்டுட்டுது" என்பார் அவர். பொய் என்று நான் சொன்னதில்லை. பாரிசவாதம் வந்தவளுக்கு நாள்தோறும் தேர் ஓடினால் நட்டம் ஒன்றுமில்லை.

நான் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள்; ஊருக்கு இன்னும் 'மிஸி'. காலையில் போய் அவளைத் துடைத்து, முதுகில் புண் வராமல் பிரட்டிப் படுக்கவைப்பேன். பிரட்ட இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டில் மற்ற ஆள் கதிரவேலர்தான். பிள்ளைகள் இல்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு, துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கும்படி ஒலிபெருக்கி கட்டிய ஜீப் சொல்லிப்போனது. வைத்திருந்து பிடிபட்டால் ஆளைக் கொண்டுபோவார்கள்.

"குழாய் வாயால மருந்து இடிக்கிற சாமான், உதுவும் துவக்கோ மிஸி? பாட்டன் காலத்துது."

"உங்களைக் கொண்டுபோனால் இவவை ஆர் என்னோட பிரட்டிறது? குடுத்திட்டு வாங்கோ."

சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை வந்து சொன்னார்.

சார்ஜன்ற் இலக்கம் கேட்டிருக்கிறார். அனுமதிக் கடுதாசியைக் கறையான் தின்று கனகாலம். தோளில் வைக்கும் மர அடிக்கட்டையில் இருந்த பித்தளைத் தகட்டில் இலக்கம் வெட்டியிருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் தங்கமுத்து குத்துவிளக்கோடு அந்தத் தகட்டையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிவந்தாள். இப்போது அதில் முகம் பார்க்கலாம். இலக்கம் பார்க்க முடியாது.

"தோட்டா போடுறது துவக்கு. இலக்கம் இருக்கிறது துவக்கு. இது பழஞ்சாமான். கொண்டுபோம்."

"அப்ப துவக்கில்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ ஐயா."

"துவக்கில்லாததுக்கு என்ன துண்டு? நாளைக்கு உலக்கைக்கும் கேப்பீர்."

"சந்தியில ஆமிக்காரன் கண்டால்?"

"அவனுக்கு அது துவக்கு" என்றாராம் சார்ஜன்ற், தலை நிமிராமலே.

புல்லுக்கட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பியிருக்கிறார். சந்தியில் நின்ற சிப்பாய் கொட்டாவி விட்டதால் தப்பினார்.

"முகட்டில செருகி வைக்கிறன்" என்றார். "பொலிஸே துவக்கில்லை எண்டிட்டான்தானே."

"வீடு சோதிக்க வாறவன் பொலிசைக் கேட்டிட்டோ சுடுவான்?"

மாலை வெயிலில் பந்தல் பச்சையாக அசைந்தது. எது இலை, எது கிளி என்று தெரியவில்லை. பழத்தைத் தின்னும் மெல்லிய சத்தம் மட்டும் மழைபோல் கேட்டது. துவக்கை மடியில் வைத்தபடி, அவர் கனவு காண்பவர்போல் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

உள்ளிருந்து தங்கமுத்து முனகினாள். போய் இருவருமாக அவளைத் திருப்பினோம். முதுகின் கீழ் கொடுத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை.

"விடியக் கொல்லனைக் கூப்பிடுறன்" என்றார்.

மறுநாள் காலை கொல்லன் துருத்தியும் கையுலையுமாக வந்தான். குழாயில் மருந்து இல்லை என்று நான் இரண்டு தரம் பார்த்தபின்தான் உலையில் வைக்கவிட்டேன். மூன்று துண்டாக வெட்டித் தட்டையாக அடித்தான். கதிரவேலர் அவற்றைப் பந்தல் கம்பிகளை இழுத்துக்கட்டும் முளைகளாக மண்ணில் இறக்கினார். அடிக்கட்டையைத் தானே கோடரியால் பிளந்து அடுப்படியில் போட்டார். எண்ணெய் ஊறிய மரம், நன்றாக எரிந்தது. அந்த நெருப்பில் ஒரு கிடாரம் தண்ணீர் சுடவைத்து, தங்கமுத்துவுக்குத் தலை தோய வார்த்தோம்.