எண்ணெய்க் கையும் வாழைநாரும்

வாழைத் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கறை ஏறிவிடும், சோப்புக்குப் போகாது. எனக்கு அது சின்ன வயசுப் பழக்கம். முகம் கழுவினால் அடுத்தது எண்ணெய்தான். சாப்பாட்டுக் கூடையிலும் ஒரு பாட்டில் கிடக்கும்.

சின்னமனூர்ப் பக்கம் கொட்டகை போட்டு, தார் வெட்டிய வாழையின் பட்டையிலிருந்து என் மகள் நார் எடுத்தாள். நாரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, பிசின் ஊற்றி அழுத்தினால் பலகை. பஸ்ஸுக்கு உள்பக்கம் அடிக்கிற பலகை. சோடாவில் நாரின் மெழுகு கழன்று சொரசொரப்பாகும், அப்போதுதான் பிசின் பிடிக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் காய்ந்த நாரைச் சீவிக் கட்டுவது என் வேலை. சொரசொரப்பாக ஒரு கட்டு என் கையை விட்டுப் போனதில்லை.

கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு அனுப்பிய முதல் பலகை பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. மகள் சோடாவைக் கூட்டினாள், குறைத்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதும் போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். நான் என் பங்குக்கு அந்த நாரை இரண்டு தடவை சீவினேன்.

கம்பெனிக்காரர் நேரில் வந்து, மூன்றாவது பலகையை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. உள்ளே நார் பிசின் படாமல் மினுமினுத்தது. சோடாவில் குறையில்லை, இதில் எண்ணெய் பட்டிருக்கிறது என்றார். மிஷினுக்குக்கூட நாரைத் தள்ளி வைத்துத்தான் எண்ணெய் போடுகிறோம் என்று மகள் மன்றாடினாள்.

நான் கையை முந்தானைக்குள் சுருட்டியிருந்தேன்.

"ஏத்தா, அது என் கை எண்ணெய்."

"நாரு கட்டயிலயுமாம்மா தடவுவ?"

"தடவாம என்னைக்கு நாரத் தொட்டிருக்கேன்?"

வந்தவர், அம்மா கையைச் சோதிக்க யாருக்கும் தோணலையே என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிக் கார் ஏறினார். உடைந்த பலகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டியில் இன்னும் நார் ஊறிக்கொண்டிருந்தது. நேரத்துக்கு எடுக்காவிட்டால் நைந்துவிடும். மகள் கையுறை மாட்டித் தனியாக இழுத்துப் போட்டாள். நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, கையை அவளிடம் நீட்டிக் காட்டினேன்.

"இருக்கட்டும்மா. நீ உக்காரு."

உட்கார்ந்தேன். முகர்ந்து பார்த்தால் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது.