பல்பு எரிந்தால்தான் காற்று

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் விசிறியை என் மகன் இன்று நேராக வீட்டுக் கரண்டில் சொருகிவிட்டான். அது கருகிய வாசனை இன்னும் போகவில்லை.

அறுபதுகளில், பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில், ஒரு கோடை முழுக்க இந்த வாசனை லேசாக இருந்துகொண்டே இருந்தது. பழைய இரும்புக்கடையிலிருந்து அப்பா ஒரு ரயில்பெட்டி விசிறியைக் கொண்டுவந்து, இருபத்துநாலு வோல்ட்டில் ஓடும் அது வீட்டுக் கரண்டில் எரிந்துபோகாமலிருக்க நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்திருந்தார். அதனால் பட்டப்பகலிலும் பல்பு எரிந்தால்தான் காற்று வரும், விசிறியின் இரும்புக் கூண்டு உறுமிக்கொண்டே இருக்கும், அம்மா வெக்கை தணியச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்தபடி, வேர்க்குருவோடு தூங்கும் தம்பியையும் கூண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"ஏங்க, புள்ளகிட்ட வைக்காதீங்க."

"மிச்சக் கரண்டையெல்லாம் பல்பு குடிச்சிடுதுடி. தொட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

ஒரு மத்தியானம் அந்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, விசிறியைத் தம்பி பக்கம் திருப்பக் கூண்டைப் பிடித்த அப்பாவின் கை அதிலேயே ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்ததும் சுவரோரம் விழுந்தார். பல்பு விசிறியைத்தான் காப்பாற்றியிருக்கிறது; கூண்டில் வீட்டுக் கரண்டு முழுதாக ஏறியிருந்தது.

காற்று நின்றதில் விழித்த தம்பி, "காத்து, காத்து" என்று கூண்டை நோக்கித் தவழ்ந்தான். அப்பா முழங்காலாலேயே நகர்ந்து அவனை வாரி நெஞ்சோடு இறுக்கினார்.

"அதான் அணைச்சாச்சே. விடுங்க, புள்ளைக்கு வலிக்குது" என்றாள் அம்மா.

அவர் விடவில்லை.