மூச்சுச் சதை

சமுத்திரம் அண்ணனுக்குக் கோவம் வந்து நான் பார்த்ததே இல்ல. அந்த மனுஷன் மேல எனக்கு இருக்குற கோவமே அதுதான். ஆட்டுக்கறிக்கடை வச்சிருக்குறவருக்குக் கொஞ்சமாவது குரல் வேண்டாமா? எலும்பு கூடிப்போச்சுன்னு எவளாவது சண்டைக்கு வந்தா, "சரி தாயி, இன்னொரு துண்டு சேத்துப் போடுதேன்"னு சிரிப்பாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவர் கடைக்கும் என் தையக்கடைக்கும் நடுவுல ஒரு தகரம்தான். அவர் கத்தி தீட்டுற சத்தமும் என் மிஷின் சத்தமும் ஒண்ணாவே ஓடிக்கிட்டு இருக்கும். என் பேரு தேவகிருபை. கிருபை பேருல மட்டும்தான், வாயில கிடையாதுன்னு அவர் சம்சாரம் மாரீஸ்வரி சொல்லுவா. சொல்லிட்டு அவளே சிரிப்பா.

அந்தச் சிரிப்புதான் முதல்ல கோணிச்சு. இடது கண்ணு இமை இறங்க ஆரம்பிச்சுது. காலையில நல்லா இருப்பா, பொழுது சாயச் சாய இமை தானா விழுந்துரும். கறி வாங்க வந்தவளுக, "என்ன மாரி, அண்ணாச்சி தூங்க விடலையா?"ன்னு கேலி பண்ணுவாளுக. பொறவு தலை சீவக் கை தூக்க முடியல. முறுக்கு கடிச்சா ரெண்டாவது கடியிலயே தாடை ஓஞ்சுபோகும். ராஜபாளையத்துக் கண்ணு டாக்டரு, இது கண்ணுல உள்ள கோளாறு இல்ல, உடனே மதுரைக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு. மதுரைக்கு நானும் கூடப் போனேன். அங்க ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்து, மயஸ்தீனியான்னு பேரு வச்சாங்க. பேரைக் கேட்டுட்டு அண்ணன், "பேரு அழகாத்தான் இருக்கு"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

அங்கதான் ஷீனாவைப் பார்த்தோம். மருந்து எழுதுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணுற பொண்ணு. மாரீஸ்வரி ரத்தத்துல கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர சம்மதமான்னு கேட்டா. எதுக்குன்னு நான்தான் மல்லுக்கு நின்னேன். பாவம், உக்கார வச்சு விவரமாச் சொன்னா. நரம்பு நுனியில இருந்து ஒரு ரசம் சுரக்கும். அதை வாங்கிக்கிட்டாத்தான் சதை அசையும். வாங்குறதுக்குன்னு சதை மேல கண்ணுக்குத் தெரியாத உறுப்பு இருக்கு, ஏற்பின்னு பேரு. நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி, இவ உடம்புல புத்தி மாறிப்போய் அந்த ஏற்பி மேலயே போய் ஒட்டிக்கிடுது. நரம்பு கூப்பிடும், சதைக்குக் கேக்காது.

"சரி, ரத்தத்தை வச்சு நீ என்னம்மா பண்ணுவ?"

"அந்த ஏற்பியோட உருவத்தைப் பாக்கப் போறேன்க்கா. ஒவ்வொரு ஆன்டிபாடியும் அதுல ஒவ்வொரு இடத்துலதான் ஒட்டும். எது எங்க ஒட்டுதுன்னு பார்த்துப் பார்த்து, முழு உருவத்தையும் கண்டுபிடிக்கலாம்."

எனக்கு அது புரிஞ்சுது. கரண்டு போன நேரத்துல வெட்டி வச்ச துணியைத் தடவியே இது கழுத்து, இது கக்கம்னு நான் சொல்லிருவேன். அதே சோலிதான்.

மனுஷச் சதை லேசுல கிடைக்காது, ஆட்டுச் சதையில உள்ள ஏற்பியும் ஏறக்குறைய இதே மாதிரிதான், இவ ஆன்டிபாடி அதுலயும் ஒட்டும்னா ஷீனா. ஆனா அறுத்த உடனே ஐஸ்ல போட்டுக் கொண்டாந்து தர ஆள் இல்லைன்னா. அதுவரைக்கும் வாயே திறக்காத அண்ணன் நிமிர்ந்து உக்காந்து, "எந்த இடத்துச் சதைம்மா வேணும்?"னு கேட்டாரு. நுரையீரலுக்குக் கீழ தட்டா ஒரு மெல்லிசுச் சதை இருக்கும்ல, மூச்சை இழுத்து விடுறது, அதுதான் வேணும்னா. கறி வாங்குறவுக யாரும் கேட்டு வாங்காத சதை அது.

அன்னையில இருந்து திங்கக்கிழமை தோறும் விடிய ஆட்டை அறுத்து, அந்தச் சதையை மட்டும் ஐஸ் பெட்டியில வச்சு, முதல் பஸ்ஸுல மதுரைக்குப் போவாரு. கூட ஆள் இல்லாம மாரீஸ்வரி எங்கயும் போனவ இல்ல. மாசாமாசம் அவளைப் பெரிய டாக்டர்ட்ட காட்டுறதும் அதுல ஒரு திங்கக்கிழமையிலதான்.

"இது மருந்து இல்ல அண்ணாச்சி. உருவம்தான் பாக்குறோம்"னு ஷீனா ஒருக்கா இல்ல, பலதரம் சொன்னா.

"உருவம் தெரிஞ்சா மருந்து வரும்ல தாயி?"

"வரலாம். எப்போன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் காதுல 'வரலாம்' மட்டும்தான் விழுந்துச்சு. மாரீஸ்வரி பிழைச்சு எழுந்திருச்சிருவா, முன்ன மாதிரி முறுக்கைக் கடிச்சுக்கிட்டே என்னை வம்புக்கு இழுப்பான்னு கடைக்கு வாரவுக எல்லார்ட்டயும் சொன்னாரு. மாத்திரையில அவளும் கொஞ்சம் தேறித்தான் இருந்தா.

பங்குனி வந்துச்சு. மாரீஸ்வரிக்குச் சுகமாகணும்னு பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழியில தீ மிதிக்க அண்ணன் நேந்துக்கிட்டு, காப்புக் கட்டிக்கிட்டாரு. அவிய வீட்டு வழக்கம் கடுசு. காப்புக் கட்டினவுக ரத்தம் பாக்கக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினாக் கட்டினவுக உயிருக்கே ஆகாதும்பாக. அவர் பெரியப்பா காப்போட எல்லை தாண்டிப் போய்ட்டுப் பொணமாத்தான் திரும்புனாருன்னு ஒரு கதை வேற அந்த வீட்டுல. கறிக்கடையைப் பூட்டியாச்சு. மதுரைக்குச் சதையும் போகல. டாக்டர்ட்டப் போற திங்கக்கிழமையும் அதுக்குள்ளதான் வந்துச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்னேன். "பூக்குழி முடியட்டும்க்கா, அவிய கூடவே போய்க்கிடுதேன். நல்லாத்தான இருக்கேன்"னுட்டா.

பூக்குழிக்குக் கட்ட மஞ்சச் சேலை எடுத்து, ஓரம் அடிக்க என்கிட்ட கொண்டாந்தா. பேச்சு மூக்கால வந்துச்சு. "என்னட்டி குரலு?"ன்னேன். சளின்னா. பொய் சொல்லத் தெரியாதவன்னு ஊரே நினைக்கிற ஒருத்தி பொய் சொன்னா, யாருதான் கண்டுபிடிப்பா?

பூக்குழிக்கு முந்தின நாள் காலையில தகரத்தை யாரோ டம்முடம்முன்னு தட்டுனாக. ஓடிப்போய்ப் பார்த்தா, கடைக்குப் பின்னால உள்ள அவிய வீட்டுல அவ சுவத்துல சாஞ்சு கிடக்கா, கழுத்து நிக்கல. நெஞ்சு தூக்குது, ஆனா மூச்சு உள்ள போகல. அண்ணன் அவளையே பார்த்தாரு. பொறவு பூட்டுன கடையைத் திறந்து, கறி வெட்டுற கத்தியை எடுத்துட்டு வந்து, கையில இருந்த காப்பை அறுத்துப் போட்டாரு. அவளைக் குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கிக்கிட்டாரு.

ஊர்ப் பெரியாஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சு, மதுரைக்குத்தான் போகணும்னு அவங்களே வண்டி ஏத்தி விட்டாங்க. நானும் ஏறிக்கிட்டேன். கிருஷ்ணன்கோயில் தாண்டுறப்ப அவ கண்ணைத் திறந்து, அண்ணன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தா.

"ஏங்க... காப்பு எங்க?"

"அது கிடக்கட்டும். எப்பல இருந்து இப்படி இருக்கு உனக்கு?"

"காப்புக் கட்டுன மறுநாளே... முழுங்க முடியல."

"சோறு?"

"நாய்க்கு... வச்சேன்."

"ஏன்ட்டி சொல்லல?"

மூச்சு சேத்து, சேத்து, பதில் சொன்னா. "சொன்னா... எல்லை தாண்டியிருப்பிய."

முழுங்க முடியலைன்னாலோ மூச்சு முட்டுனாலோ ஒரு நாள்கூட இருக்காம வந்துரணும்னு டாக்டர் அவகிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்காரு. எல்லாம் தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கா. கன்னத்துல ஒண்ணு விடலாம்னு வந்துச்சு எனக்கு. கன்னத்தைத் தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. திருமங்கலம் வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

இவளுக்காக அவர் கட்டுன காப்பு. அவருக்காக இவ மூடுன வாய். ஆண்டவரே, ஒருத்தர் மேல ஒருத்தர் இம்புட்டுப் பிரியம் வைக்காம, ஒரு சண்டை போட்டிருந்தா அவ இன்னைக்கு இருந்திருப்பாளே. இதை நான் ஜெபத்துலயே கேட்டுட்டேன்.

பதினாறு கழிஞ்ச அடுத்த திங்கக்கிழமை, விடியுறதுக்கு முன்னாடி கத்தி தீட்டுற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பார்த்தேன். ஐஸ் பெட்டி தயாரா இருக்கு. "எதுக்குண்ணே இனிமே?"ன்னேன். "அந்தப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்லா"ன்னாரு. தனியா விட மனசில்லாம நானும் பஸ்ஸு ஏறுனேன்.

ஷீனா எங்களைப் பார்த்ததும் அழுதுட்டா. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் அண்ணாச்சின்னா. அவர் பெட்டியை மேசை மேல வச்சுட்டு, "அவளுக்கு எது நின்னுபோச்சு தாயி, கடைசியில?"ன்னு கேட்டாரு. ஷீனா சொல்லத் தயங்குனா. அவர் விடல.

"மூச்சு இழுக்குற சதை, அண்ணாச்சி."

"நான் கொண்டாருவேனே, அதுவா?"

"அதேதான்."

ஐஸ் பெட்டி மூடி மேல அவர் கை அப்படியே நின்னுச்சு.

"அதை எனக்கு ஒருக்கா காட்டுவியாம்மா?"ன்னு கேட்டாரு. ஷீனா ஒரு இருட்டு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், மைக்ராஸ்கோப்புல கண்ணை வைக்கச் சொன்னா. அவருக்குப் பொறவு நானும் பார்த்தேன். கறுப்பா இருந்த சதை மேல அங்கங்க பச்சையாப் புள்ளி மின்னுது. முன்ன அண்ணன் கொண்டாந்த ஆட்டுச் சதைதானாம். பச்சை மின்னுற இடமெல்லாம் மாரீஸ்வரி ரத்தத்து ஆன்டிபாடி போய் ஒட்டுன இடம், நிறம் தெரியுறதுக்கு ஒரு சாயம் சேத்திருக்கோம்னா. அவளைக் கொன்னது இதுதான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்க அழகா இருந்துச்சு, நான் என்ன செய்ய.

அண்ணன் மறுபடியும் குனிஞ்சு பார்த்தாரு. ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல.

"அவ ரத்தம் இன்னும் இருக்கா தாயி?"

"பிரீசர்ல ரெண்டு குப்பி இருக்கு அண்ணாச்சி."

"தீந்துபோனா?"

"வேற நோயாளிங்ககிட்ட கேட்டு வாங்கணும்."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, காலிப் பெட்டியை எடுத்துத் தோள்ல மாட்டுனாரு. ஆடு நான் எம்புட்டு வேணும்னாலும் கொண்டாருதேன்னாரு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு.

"அவளை மட்டும் கொஞ்சம் பாத்துச் செலவழிம்மா."