பையிலேயே இருந்த பற்றறிகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் நோர்பரியில், இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அறுவடைக்கு நன்றி சொல்லும் ஊர்வலத்துக்குக் கவுன்சில் எல்லாச் சமூகத்தவரையும் அழைத்திருந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளியிலிருந்து எட்டுப் பெண்கள் கும்மியடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

நான் மின்னணுவியல் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று வருடமாக அங்கே கும்மி பழக்கியவளும் நான்தான். ஆனால் முன்னால் நின்று ஆடப் பள்ளியை நடத்திய ரீச்சர் தேர்ந்தெடுத்தது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருத்தியை.

"நீர் பாட்டுப் போடுற ரெக்கோடரைப் பாரும் பிள்ளை. உம்மை விட்டால் மெஷின் ஆருக்குத் தெரியும்?" என்றார்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பட்டியல் போட்டேன்: கசெற் இரண்டு, மாற்றுப் பற்றறி ஆறு, மழை வந்தால் மூடப் பொலித்தீன் பை. மனதுக்குள் வேறொரு பட்டியல் ஓடியது: அவளுடைய நீளப் பின்னல், குனிந்து நிமிரும் அழகு, வந்த கையோடு எல்லோருக்கும் செல்லப்பிள்ளையானது.

ஊர்வலத்தில் ரெக்கோடரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். சனம் அவளைப் பார்த்தே கைதட்டியது. அவளைப் படம் எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைச் சற்று விலகும்படி கையால் காட்டினார்.

நூலகத்தைக் கடக்கும்போது பாட்டு இழுபட்டு நின்றுபோனது. ஒத்திகையில் பாவித்த பற்றறி தீர்ந்துவிட்டது. மாற்றுவது ஒரு நிமிட வேலை. புதியவை என் பையில்தான் இருந்தன. கை அசையவில்லை. முன்னுக்கு நிற்கிறவள் இப்போது என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று சும்மா இருந்தேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டின் அடுத்த அடியைத் தன் குரலிலேயே எடுத்தாள். மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கசெற்றில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிந்தது.

முடிந்ததும் வியர்வையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, மெஷின் பழுதாப் போச்சுதோ? நீங்கள் பழக்கின பாட்டுத்தானே, அதுதான் வாயில வந்திட்டுது. பையைத் தாங்கோ, நான் தூக்கிறன்."

"வேண்டாம், எனக்கு ஏலும்."

அவள் கேட்கவில்லை. பையைப் பறித்துத் தோளில் போட்டாள். "என்னக்கா இது, கல்லே வச்சிருக்கிறியள்?" என்று சிரித்தாள்.

கனத்தது அந்தப் புதுப் பற்றறிகள்தான் என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.

வேறொருத்திக்குக் கைதட்டல் விழும்போது நெஞ்சு எரிவதை இப்போதும் என்னால் நிறுத்த முடிவதில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்காக என் கை செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் இருக்க, அன்றைக்குப் பிறகு நான் ஒருநாளும் விட்டதில்லை.