மாமா காட்டிய கறுப்புக் கடற்கரை

எனக்கு எட்டு வயதில், அம்மாவின் தம்பி கோஸ்டா ரிக்காவுக்கு உல்லாசப் பயணம் போயிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டவர் வழியில் அங்கே ஏன் இறங்கினார் என்று யோசிக்கவில்லை. லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வீடியோவில் பேசுவார். அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு பச்சைச் சுவர்.

பள்ளியில் ஏதாவது ஒரு கடற்கரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பிரைட்டனும் ஸ்பெயினும். எனக்கோ கரீபியன் கரையில் சொந்த மாமாவே இருந்தார். கடலை ஒட்டியே நீளக் கால்வாய்கள் ஓடுமாம், அங்கே தெருவே இல்லாமல் படகில்தான் போவார்களாம். பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடுமாம். ஸ்லோத் என்ற சோம்பேறி விலங்கு கிழமைக்கு ஒருமுறைதான் மரத்தை விட்டு இறங்குமாம். ஓரிடத்தில் மணல் கறுப்பாம். அங்கேயும் தேங்காய்ப்பாலில் சோறு சமைக்கிறார்கள் என்றபோது மட்டும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஆனால் ஒரு படம்கூட அவர் அனுப்பவில்லை. கேட்டால் அடுத்த கிழமை என்பார். கடைசிச் சனிக்கிழமை அவருடைய மடியில் சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடு ஒன்று கிடந்ததைக் கண்டுவிட்டேன். இவ்வளவு நாளும் அதைத்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"நீங்கள் ஒண்டும் பாக்கேல்ல மாமா. பொய் சொல்லியிருக்கிறீங்கள். கடலைக் காட்டுங்கோ."

மாமா கையேட்டை மூடி வைத்தார். பிறகு, "பொறு பிள்ளை, காட்டுறன்" என்றார்.

கதவு திறந்தது. கம்பி வேலி, ஒரு நாய், தென்னைகள், பிறகு காற்றின் இரைச்சல். மணல் உண்மையிலேயே கறுப்புத்தான்.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து போனைப் பறித்தார். "தம்பி, உள்ள போ. ஆரும் கண்டு பிடிச்சுக் குடுத்தால் என்ன செய்வாய்?" கடல் பார்க்கக்கூட விடுகிறார் இல்லையே என்று எனக்கு அம்மா மேல் கோபம். திரையில் அலைகள் வந்துகொண்டே இருந்தன.

என் பேச்சுக்கு வகுப்பில் கைதட்டினார்கள். ஐந்து மாதம் கழித்து மாமா கனடா போய்ச் சேர்ந்தார். வெளியே தலைகாட்டக்கூடாது என்று, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை அடைத்து வைத்திருந்த அறையின் சுவர்தான் அந்தப் பச்சைச் சுவர் என்பதை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். பதினாறு வயதிலிருந்து மன்னாரில் தினமும் கடலுக்குப் போன மனிதர், அங்கே ஏழு கிழமையாக அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

அன்று அவர் எனக்குத்தான் கடலைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். படம் சரிந்து வானமும் மணலுமாகத் தெரிய, அவரிடம் போனை நேராகப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.