கருநீல அடுக்கில் கிடந்த மயில்

வானவில்லில் எத்தனை நிறம் என்று கேட்டால் நீங்கள் யோசிக்காமல் ஏழு என்பீர்கள். சரிதான். ஆனால் நான் வேலை செய்கிற கடையில் ஏழு நிறத்தை வைத்துக்கொண்டு அரை நாள்கூட வியாபாரம் பண்ண முடியாது.

வண்ணாரப்பேட்டையில் ரவிக்கைத் துணி விற்கிற மேட்சிங் கடை அது. பெண்கள் புடவையைக் கொண்டுவந்து மேசைமேல் விரிப்பார்கள். அதன் நிறத்தோடு ஒத்துப்போகிற துணியை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. பச்சை என்றால் பச்சைதானே என்று நினைக்காதீர்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை என்று வரிசையாக எடுத்துப் போட்டால், "இதெல்லாம் வாணாம்பா, பச்சை குடு" என்பவர்களும் உண்டு.

இத்தனை நிறத்தையும் அடுக்கி வைக்க எங்கள் முதலாளியிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. கனகாம்பரம், வாடாமல்லி, கத்திரிப்பூ எல்லாம் பூ அடுக்கு. மாம்பழம், மிளகாய்ப்பழம், ஆரஞ்சு எல்லாம் பழ அடுக்கு. பாக்கு, வெங்காயம், காபிக்கொட்டை, தேன் எல்லாம் மளிகை. கிளிப்பச்சை, புறா, மயில் கழுத்து எல்லாம் பறவை அடுக்கு. ராமர் பச்சை, ராமர் நீலம், காவி மூன்றும் சாமி அடுக்கு. பெயரைக் கேட்ட உடனே கை தானாக அந்தப் பக்கம் போகும்.

ஒரு நாள் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதை என் பெண்ணிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் பள்ளியில் ஒளியைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கிளிப்பச்சை ஒரு பக்கம், இலைப்பச்சை ஒரு பக்கமா? ரெண்டும் பச்சை தானேப்பா?"

"கிளி பறவைம்மா."

"அப்போ வெங்காயமும் காபியும் ஒரே கலரா?"

"ஒரே கலர் இல்ல. ரெண்டும் மளிகை."

"உங்க கடையில துணி எடுக்கறதா, சாம்பார் வெக்கறதா?" என்றாள். அவளுடைய அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிள்ளை புத்தகத்தைக் காட்டிச் சொன்னால் எனக்கு அது பெரிய விஷயம். ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒப்பிக்கக் கற்றுக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் போகும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி பேரனுக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பினார். போகும்போது, கடைக்கு வெள்ளை அடிக்க ஆள் வருவார்கள், துணியை எல்லாம் இறக்கி, அடித்து முடித்ததும் திரும்ப அடுக்கி வை என்று என்னிடம் சொன்னார். அடுக்கி வை என்றுதான் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை.

நான் வானவில்லாக அடுக்கினேன்.

என்னோடு வேலை செய்கிற பெண் எம்.கே.பி. நகரிலிருந்து வருகிறவள். எனக்கு முன்னாலேயே அந்தக் கடையில் சேர்ந்தவள். "அண்ணே, முதலாளி வந்தா பேஜாரா பூடும்" என்று எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிக்கல் ஆரம்பித்தது. வெள்ளை, கறுப்பு, பாக்கு, காபிக்கொட்டை, சந்தனம் எதுவும் வானவில்லில் இல்லை. பிங்க் இல்லவே இல்லை. இவற்றை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டேன். அது நிரம்பி, இன்னொரு பெட்டி தேவைப்பட்டது.

"ஊர்ல பாதிப் பேரு பொடவை இந்தப் பொட்டியிலதான் கீது, பாத்துக்கோ" என்றாள் அவள்.

அதைவிடப் பெரிய தலைவலி கருநீலம். நீலமும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் நடுவில் இருக்கும் என்று என் பெண் சொல்லியிருந்தாள். அப்படி ஒன்று என் கண்ணுக்கு அகப்படவில்லை. ஏழு அடுக்கில் ஒன்று மட்டும் காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? எந்த நிறம் என்று சந்தேகமாக, கொஞ்சம் இருட்டாகத் தெரிந்த துணியை எல்லாம் அதில் வைத்தேன். அதற்குள் பொழுது போய்விட்டது. டியூப் லைட்டில்தான் அடுக்கி முடித்தோம்.

மறுநாள் கடைக்குள் வந்தவர்கள் எல்லாம் "அட!" என்றார்கள். ஒரு பெண் வானவில்லுக்கு முன்னால் நின்று செல்ஃபிகூட எடுத்துக்கொண்டாள். துணி வாங்கவில்லை.

சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு அம்மா வேகமாக உள்ளே வந்தார். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம், மீன் வியாபாரம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நைனா, இதுக்கு மேட்சா சீக்கிரம் ஒண்ணு எடு. நான் தொட மாட்டேன், நீயே பிரிச்சுக்கோ. மீன் கவிச்சி பட்டா எம் பொண்ணு என்னைக் கொன்னுடுவா."

உள்ளே இருந்தது ரவிக்கையின் ஒற்றைக் கை. அவருடைய மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியைத் தையல்காரர் அளவு மாற்றி, சின்னதாக வெட்டிவிட்டார்.

"நாளான்னிக்குக் கண்ணாலம். பொண்ணு வூட்ல ஒக்காந்து அழுதுகினு கீது. கடை சாத்தறதுக்குள்ள துணியக் குடுத்தா ராவோட ராவா தச்சுத் தர்றேன்றாரு. இங்க இல்லன்னா நான் எங்க போவேன் நைனா?"

அந்தக் கையைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல மயில் கழுத்து. நீளவாட்டு இழையான பாவு நீலம், குறுக்கு இழையான ஊடு பச்சை. நேராகப் பிடித்தால் நீலம் அடிக்கும், சாய்த்தால் பச்சை அடிக்கும். பழைய ஒழுங்கில் இது இரண்டு நிமிட வேலை. பறவை அடுக்கில் மயில் கழுத்து எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நீலம் தூக்கலானது ஒரு ஓரம், பச்சை தூக்கலானது மறு ஓரம். நடுவில் விரலை ஓட்டினால் போதும். இப்போதோ பாதி நீலத்தில், பாதி பச்சையில். இரண்டு பக்கமும் ஓடினேன்.

அந்த அம்மா பொறுமை இல்லாமல் ஒரு துணியைச் சுட்டிக் காட்டினார். "இதோ, இதுதான்! அச்சு அசலா கீது!"

மேட்சிங் கடையில் டியூப் லைட்டை நம்பக்கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கொண்டுபோனோம். துணி மொத்தமாக மங்கிவிட்டது.

"இது மயிலு இல்ல நைனா, காக்கா" என்றார் அவரே. பிறகு உள்ளே திரும்பி, "ஆமா, ஏன் ஒரே கலர ரெண்டு எடத்துல வச்சிருக்க?" என்று கேட்டார்.

"வானவில் மாதிரி அடுக்கியிருக்கேன்கா."

"வில்லு நல்லாத்தான் கீது. வஞ்சிரத்துக்கு முதுகு நீலம், வயிறு வெள்ளி. அதுக்கோசரம் முதுக ஒரு கூடையிலயும் வயித்த ஒரு கூடையிலயும் போட்டா வித்துக்கினு இருக்கேன்? மீனு ஒண்ணுதானே?"

என்னோடு வேலை செய்கிற பெண் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீலத்திலும் பச்சையிலும் இருந்த மயில் கழுத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளின் சீட்டின் மேல் வரிசையாகப் பரப்பினோம். வண்டிக்காரர் ஒருவர் சாவியோடு வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் அவரும் நின்று பார்த்தார். வெயில் எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று நீலம் தூக்கலாக இருந்தது. அடுத்தது பச்சை தூக்கலாக இருந்தது. நடு மயில் மட்டும் இல்லை.

"இருந்துச்சே. நான் என் கையால இறக்கினேனே" என்றேன்.

"நைனா, வெளிச்சம் போயிகினு கீது" என்றார் அந்த அம்மா. இந்த முறை குரலில் வேகம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

என்னோடு இருந்த பெண் திடீரென்று, "அண்ணே! அந்த இருட்டு அடுக்கு!" என்று கத்தினாள்.

உள்ளே ஓடினேன். கருநீலத்தில் மேலே இருந்ததைத் தள்ளி, அடியில் இருந்ததை உருவினேன். கையில் பார்த்தபோது அழுக்குத் துணி மாதிரிதான் இருந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருந்த வெயிலில் உதறினேன். நேராக நீலம். சாய்த்தால் பச்சை.

அந்த அம்மா இதுவரை தொடாமல் வைத்திருந்த கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். ரவிக்கையின் கையை எடுத்துத் துணியின் மேல் வைத்தார். மீனைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் சாய்த்தார். வைத்த இடமே தெரியவில்லை. வண்டிக்காரர்தான் முதலில், "சூப்பர்மா, எடுத்துக்கோ" என்றார்.

"வெட்டு நைனா" என்றார் அந்த அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஒழுங்கா அளந்து வெட்டுண்ணே. இன்னொரு வாட்டி அழுவறதுக்கு அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி இருக்காது" என்றாள் என்னோடு இருந்தவள்.

மீன் வாடைக்குப் பயந்து துணியைப் பழைய கவரில் போடவில்லை. புதுக் கவர் கொடுத்தோம். அதையும் உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினார்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து எல்லாவற்றையும் பூ, பழம், மளிகை, பறவை, சாமி என்று திரும்ப அடுக்கினோம். முதலாளி, பேரனோடு தானும் போட்டுக்கொண்ட மொட்டையும் லட்டுமாக வந்து சுற்றிப் பார்த்தார். "எல்லாம் அப்படியே கீதா?" என்றார். "அப்படியேதான் கீது" என்றாள் என்னோடு வேலை செய்கிறவள், என்னைப் பார்க்காமல். லட்டில் பெரிய பாதி அவளுக்குத்தான் போனது. நானே கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு என் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிச்சத்தைப் பிரித்தால் வருவது ஏழுதான் என்றாள். அது உண்மைதான், நீங்களும் பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். கடையில் நாங்கள் வெளிச்சத்தைப் பிரிக்கவில்லை, ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துவைக்கிறோம், அதனால் எங்களுக்கு வேறு ஒழுங்கு வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். "அப்போ மீன் அடுக்கு ஒண்ணு வையேன்" என்றாள்.

கல்யாணம் முடிந்து சில நாளில் அந்த அம்மா வந்தார். எங்களுக்கு ஒரு கூறு வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைக்கப் போனவரை முதலாளியோடு மூன்று பேரும் சேர்ந்து தடுத்து, வாசலிலேயே வாங்கிக்கொண்டோம். பிறகு போனைத் திறந்து மகளின் கல்யாணப் படத்தைக் காட்டினார். மணப்பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மயில் கழுத்தையே காணோம்? வெறும் நீலமால்ல கீது?" என்றாள் என்னோடு வேலை செய்கிறவள்.

"இந்தப் போனுக்கு இன்னா தெரியும்?" என்று அந்த அம்மா போனைத் திட்டினார்.

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். போன் தப்பாகத்தான் காட்டியிருந்தது. ஆனால் புடவையையும் ரவிக்கையையும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டியிருந்தது.