ஆடியில் காலி செய்யச் சொன்ன வீடு

குற்றாலத்தில் வாடகைக்குக் குடியிருந்த எங்களுக்குச் சாரல் என்றாலே பயம்தான். சீசனுக்கு வருகிறவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள் என்று வீட்டுக்காரர்கள் எங்களைக் கிளப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். "மதுரையில இருந்து ஆளுக வருதாவ. காலி பண்ணும் வே" என்றார். தென்காசி முழுக்க வீடு தேடி அலைந்தேன். ஆடியில் யாரையும் குடிவைக்க மாட்டோம் என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

ஆடி பிறந்ததும் அவர் அந்த மதுரைக் குடும்பத்தை வண்டியோடு கூட்டிவந்துவிட்டார். உள்ளே என் மகள் சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தொட்டில அவுத்துட்டு எடத்தக் காலி பண்ணும் வே."

"ஆடியில பிள்ளையோட எங்கன போவேன், அண்ணாச்சி?"

"அது உம்ம பாடு."

சொல்லிவிட்டு அவரே தொட்டில் முடிச்சில் கைவைத்தார். நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

அதற்குள் மதுரை அம்மாள் உள்ளே வந்து தொட்டிலைப் பார்த்தார். "தூங்குற பிள்ளையக் கிளப்பிட்டு இந்த வீட்டுல நான் எப்படி விளக்கேத்துவேன்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கணவரோடு வண்டி ஏறிவிட்டார்.

"உம்மால எனக்கு ஒரு சீசன் போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மாள் மழையில் எங்கே போய்த் தங்கினாரோ தெரியாது. சாரல் விழும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாதாமாதம் வாடகை வாங்க வந்து என் மகளின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியதும் அதே கைதான். முடிச்சை அவிழ்க்கப் போனபோது அது தயங்கக்கூட இல்லை.